ஆலயத்துக்கு இணையம் எதற்கு, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் பூட்டப்பட்டபோது, பக்கத்துத் தெரு சிஎஸ்ஐ சர்ச்சின் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் போட்டு, "தம்பி, ஆராதனையை செல்லிலேயே காட்ட முடியுமாமே?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் எங்கள் குலதெய்வக் கோயிலின் கொடை என்கிற திருவிழா, பிறகு கூடப் படித்தவன் செயலாளராக இருக்கும் ஜமாஅத் என்று வேலை தானாகச் சேர்ந்துகொண்டது. இத்தனை வருடத்தில் மூன்று இடத்திலும் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைச் செய்வது? யூடியூப் சேனலா, வாட்ஸ்அப் குழுவா, வெப்சைட்டா?

மூன்றும் இல்லை. ஒரு நோட்டை எடுத்து, வர ஆசைப்பட்டும் வர முடியாதவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். படுக்கையில் இருக்கும் பாட்டி, கைக்குழந்தைக்காரி, சனி ஞாயிறு ஷிஃப்ட் பார்க்கும் பையன், சவுதியில் இருப்பவர், மும்பையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் பங்காளிகள். எங்கள் கோயிலுக்கு இப்படி எழுதியபோது தலைக்கட்டில், அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களில், பாதிக்கு மேல் அந்த நோட்டில்தான் இருந்தது.

அந்தப் பெயர்கள் கையில் இருந்தால் மற்றது எல்லாம் சுலபம். பாட்டிக்கு என்ன வேண்டும், சவுதிக்காரருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் போதும். பெயர்கள் இல்லாமல் சேனல் தொடங்கினால், வழக்கமாக வருகிற அதே நாற்பது பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

நேரலைக்கு என்னென்ன வாங்க வேண்டும்? கேமரா எவ்வளவு ஆகும்?

கேமரா வேண்டாம். சுமாரான ஸ்மார்ட்போன் ஒன்றும் அசையாத ட்ரைபாட் ஒன்றும் போதும். செலவு செய்ய ஆசையாக இருந்தால் ஒலிக்குச் செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஞாயிறு ஆராதனையை எடுத்தபோது போனை வாசல் பக்கத் தூணில் கட்டிவைத்தேன். படம் அருமை. முடிந்ததும் ஒரு பெரியம்மா போன் செய்தார். "ஃபேன் சத்தம் நல்லாக் கேட்டுச்சு ராசா. ஐயர் என்ன சொன்னார்னுதான் தெரியல." அன்றைக்குப் புரிந்தது. படம் மங்கினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள், ஒலி போனால் அணைத்துவிடுவார்கள். படுத்திருப்பவருக்குப் படம் இரண்டாம் பட்சம்.

உங்கள் இடத்தில் மைக்செட் இருந்தால் அதன் மிக்ஸரில் 'ஆக்ஸ் அவுட்' என்று ஒரு துளை இருக்கும். அங்கிருந்து போனுக்கு ஒலியைக் கொண்டுவருவதுதான் சரியான வழி. ஆனால் வயரை நேராகப் போனில் சொருகாதீர்கள். மிக்ஸரிலிருந்து வருவது போனின் மைக் துளை தாங்குவதைவிடப் பலமான சிக்னல், அதனால் குரல் கரகரவென்று கிழியும். இடையில் அந்தச் சிக்னலைப் போனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும். மிக்ஸரே இல்லாத சிறிய கோயில் என்றால் பூசாரி சட்டை போடமாட்டார், காலர் மைக்கை எங்கே குத்துவது என்ற கேள்வி வரும். நாங்கள் சாமிக்குப் பக்கத்தில் விளக்குத் தண்டுக்குக் கீழே வைத்தோம். மணியடிக்கும்போது மட்டும் காது பிளக்கும், அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் மூன்று விஷயம். போனிலிருந்து யூடியூப் நேரலை போக சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். நேரலை வசதியை முதல்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே கொடைக்கு முந்தின நாள் ராத்திரி என் கடைக் கதவைத் தட்டாதீர்கள். அப்புறம், இணைய வேகம் என்று எல்லோரும் பார்ப்பது இறங்கும் வேகத்தை. உங்களுக்கு வேண்டியது ஏறும் வேகம். அது நொடிக்கு 3, 4 மெகாபிட் (Mbps) நிலையாக வந்தால் தெளிவான படமே அனுப்பலாம். திருவிழா அன்று ஊரே செல்லைக் கையில் பிடித்திருப்பதால் டவர் திணறும். பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பில் ஒரு நாளைக்கு வைஃபை வாங்கிக்கொள்ளுங்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் போதும். கடைசியாக, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் தீபாராதனை நேரத்தில் யாராவது கூப்பிட்டு ஒளிபரப்பை நிறுத்திவைப்பார்கள்.

திரையில் பார்த்தால் அது வழிபாட்டில் சேருமா?

இதற்கு நான் பதில் சொல்ல ஆளில்லை. அந்தந்த மரபு என்ன சொல்லியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பற்றி 2002லேயே எழுதிவிட்டது. வத்திக்கான் வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்ற ஆவணம், இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று நேராகவே சொல்கிறது. திருப்பலியைத் திரையில் பார்க்கலாம், கூடவே ஜெபிக்கலாம். நற்கருணை வாங்க, பாவசங்கீர்த்தனம் செய்ய நேரில்தான் போக வேண்டும். இன்னொரு பக்கம், நோயால் திருப்பலிக்குப் போக முடியாமல் படுத்திருந்தபோது அது தன் அறைச் சுவரில் தெரியக் கண்டதாகச் சொல்லப்படும் அசிசியின் புனித கிளாராவைத்தான் அதே திருச்சபை தொலைக்காட்சிக்குப் பாதுகாவலராக வைத்திருக்கிறது. படுத்திருப்பவரின் ஏக்கம் அவர்களுக்குத் தெரியாததல்ல.

இஸ்லாத்தில் பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து, திரையில் வரும் இமாமுக்குப் பின்னால் நின்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ முடியாது என்பது. ஊரடங்கில் ஜும்ஆவுக்குப் பதிலாக வீட்டிலேயே லுஹர் (வழக்கமான நண்பகல் தொழுகை) தொழுதார்கள். பயான் (மார்க்கச் சொற்பொழிவு), குர்ஆன் வகுப்பு, நிக்காஹ் (திருமண) அறிவிப்பு இவற்றுக்கெல்லாம் தடையில்லை. எங்கள் ஊர் ஜமாஅத்தும் இவற்றோடு நிறுத்திக்கொண்டது.

கோயில் வழக்கில் தரிசனம் என்பதே பார்ப்பதுதான் என்பதால் சிக்கல் குறைவு. 2020 மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் நேரலையாக வந்தது. அந்த முகூர்த்த நேரம் பார்த்து வீட்டில் போனை முன்னால் வைத்துக்கொண்டு தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்களை எனக்கே தெரியும். என் சித்தி அதில் ஒருத்தி. ஆனால் விபூதியும் தீர்த்தமும் திரை வழியாக வராது. எங்கள் கோயிலில் கொடை முடிந்ததும் வெளியூர்க்காரர்களுக்கு விபூதியும் மஞ்சளும் ஒரு கவரில் போட்டுத் தபாலில் அனுப்புகிறோம். நேரலையைவிட அந்தக் கவருக்குத்தான் நன்றி சொல்லிப் போன் வருகிறது.

வீட்டிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் யார் நேரில் வருவார்கள்?

கமிட்டிக் கூட்டத்தில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. நான் பார்த்த வரையில், வராமல் போனவர்கள் நேரலைக்கு முன்பே வராமல் போனவர்கள்தான். சிலர் சோம்பல் படுகிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக நேரலையை நிறுத்தினால் அந்தச் சிலர் வரப்போவதில்லை, பாட்டி மட்டும்தான் இழப்பார். ஐயர் ஒரு காரியம் செய்தார். நேரலையில் தொடர்ந்து பார்ப்பவர்கள் யாரென்று விசாரித்து, அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை எண்ணாதீர்கள், போய்ப் பாருங்கள்.

கருவறையைப் படம் எடுக்கலாமா?

அர்ச்சகரையும் நிர்வாகத்தையும் கேளுங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள். பெரும்பாலான கோயில்களில் மூலவரை எடுக்க விடமாட்டார்கள். உற்சவரும் வீதியுலாவும் பரவாயில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். குடும்பக் கோயில் என்றாலும் சாமியாடுபவரை எடுக்கும் முன் அவரையும் அவர் வீட்டாரையும் கேட்டுவிடுங்கள். அருள் வந்து ஆடியதை எவனோ வெட்டி, சினிமாப் பாட்டுப் போட்டுச் சுற்றவிட்டு, அந்த மனிதர் மறுவருடம் கொடைக்கே வராமல் போனார். எங்கள் கோயிலில் அதற்குப் பிறகு சாமியாட்டம் தொடங்கியதும் போனை விளக்குப் பக்கம் திருப்பிவிடுகிறோம், ஒலி மட்டும் போகும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. என்ன செய்ய?

ஒரே குழுவில் எல்லாவற்றையும் போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? காலை வணக்கம் படம், கட்சிச் செய்தி, பூண்டு சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும் என்ற வீடியோ, இவற்றுக்கு நடுவே "நாளை பிரதோஷ பூஜை 4.30க்கு" என்ற செய்தி புதைந்துபோகும். மறுநாள் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று ஒருவர் கிளம்புவார்.

இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிடுங்கள், அமைப்பில் அந்த வசதி இருக்கிறது. 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஒரு ஊருக்குத் தாராளம். பேச்சுக்கு வேறு குழு. அதில் வேண்டாதவர்கள் வெளியேறட்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிலர் 'பிராட்காஸ்ட்' பட்டியல் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும் என்பதை மறந்துவிட்டு, செய்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

குலதெய்வக் கோயில்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வரி பாக்கி வைத்தவர்கள் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். ஒரு வருடம் எங்கள் பொருளாளர் போட்டார். பட்டியலில் இருந்த ஒருவர் அந்த மாதம்தான் வேலை போய் வீட்டில் இருந்தார். அவருடைய அண்ணன், தம்பி, மருமகன் என்று ஏழு தலைக்கட்டு ஒரே இரவில் குழுவைவிட்டு வெளியேறியது. சமாதானப்படுத்த இரண்டு கொடை ஆனது. பாக்கியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கொடுத்தவர்கள் பட்டியலைப் போடுங்கள், அதுவே வேலையைச் செய்துவிடும்.

ஜெப விண்ணப்பங்களைக் குழுவில் போடலாமா? குழந்தைகள் படங்களை?

"இன்னார் மனைவிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், ஜெபியுங்கள்." நானூறு பேர் இருக்கும் குழுவில் இதைப் படித்திருக்கிறேன். போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டார். அந்த அம்மாவுக்கு மறுநாள் கடைத்தெருவில் நடக்கவே கூச்சமாக இருந்ததாம். "நம் சபையில் ஒரு சகோதரியின் சுகத்துக்காக" என்று எழுதினால் கடவுளுக்கு விலாசம் தெரியாமலா போகும்?

அர்ச்சனைப் பட்டியலும் அப்படித்தான். பெயர், நட்சத்திரம், கோத்திரம், செல் நம்பர் எல்லாம் சேர்ந்த எக்செல் ஷீட் குழுவில் திரிகிறது. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தைகளாகவே எடுத்துக்கொள்கிறது, அவர்கள் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஞாயிறு பள்ளி ஆண்டு விழாப் படத்தைப் பெயரோடும் பள்ளிச் சீருடையோடும் யூடியூபில் போடும் முன் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

காணிக்கைக்கு கியூஆர் கோடு வைக்கலாமா?

வைக்கலாம். யுபிஐ 2016ல் வந்தது, இப்போது பூக்காரம்மாவிடமே அட்டை இருக்கிறது. சில்லறை இல்லை என்று உண்டியலைத் தாண்டிப் போகிறவர்கள் நிற்பார்கள்.

கோடு யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவரானாலும் கூடாது, நல்லவர் என்பதாலேயே கூடாது. பணம் அவர் வருமானம் போலக் கணக்கில் தெரியும், நாளைக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தால் மாட்டுவது அவர். அவர் திடீரென இறந்துபோனால் கோயில் பணம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கும். அறக்கட்டளை அல்லது சங்கம் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. கொஞ்சம் அலைச்சல்தான், பத்திரம், பான் கார்டு, தீர்மான நகல் எல்லாம் கேட்பார்கள். ஒருமுறை அலைந்தால் முடிந்தது. அறநிலையத் துறைக் கோயிலில் இதை நீங்கள் செய்யவே முடியாது, துறை வைத்த வழியில்தான் போக வேண்டும்.

ஒட்டிய கோடு மேல் வேறு கோடு ஒட்டிவிட்டுப் போகிற திருட்டு பல ஊரில் நடந்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். வாரம் ஒருமுறை உங்கள் போனிலிருந்தே ஒரு ரூபாய் போட்டு, திரையில் வரும் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர் என்ன என்பதைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவைத்தால் பக்தர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். அப்புறம், பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. "நன்கொடை அனுப்புகிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒருவன் கூப்பிட்டால் அவன் எடுக்கத்தான் வந்திருக்கிறான்.

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி வேண்டாம். ஒரு சர்ச்சில் மௌன ஜெபம் நடுவே "ரூபாய் பத்து பெறப்பட்டது" என்று அது கூவியது. போட்டவர் தலை நிமிரவே இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கும்பாபிஷேகத்துக்கு அனுப்பும் பணம்?

இங்கேதான் நல்லெண்ணத்தோடு சட்டச் சிக்கலில் விழுகிறார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில் பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புது டெல்லிப் பிரதானக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

ஆகவே "ஜிபே பண்ணுங்க அண்ணாச்சி" என்று கோட்டைக் குழுவில் போடும் முன், "உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு?" என்று கேட்டுவிடுங்கள். கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் குடியுரிமை பெற்ற ஈழத்து உறவுகள் உள்ள கோயில்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைப் பாருங்கள், என்னைப் பார்க்க வேண்டாம்.

பாட்டுப் போட்டதற்கு யூடியூப் காப்பிரைட் என்கிறதே? சாமி பாட்டுக்குமா?

சாமி பாட்டுக்கும்தான். மதச் சடங்கின் பகுதியாகப் பாடுவதும் ஒலிக்கச் செய்வதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று இந்தியச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் யூடியூபில் முதலில் பார்ப்பது மனிதர் இல்லை, ஒலியை ஒப்பிடும் இயந்திரம். பின்னணியில் குழாய் ஸ்பீக்கரில் ஓடிய கேசட் பக்திப் பாட்டை அது கண்டுபிடித்து, ஒலியை முடக்கிவிடும். நேரலை நேரத்தில் மட்டும் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, நம் ஆட்களே பாடட்டும். தேவாரத்துக்கும், 1864ல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கும் உரிமை கேட்டு யாரும் வர முடியாது. அவற்றை இன்று ஒருவர் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு மட்டும் உரிமை உண்டு.

ஸ்மார்ட்போனே இல்லாதவர்களுக்கு?

பட்டன் போன் போதும். சர்ச்சில் முன்வரிசையில் ஒரு போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, கான்ஃபரன்ஸ் காலில் நான்கைந்து வீடுகளைச் சேர்த்துவிடுகிறோம். அந்தப் பக்கம் பேத்தி போனைத் தலையணை ஓரமாக வைப்பாள். இதில் செலவு பூஜ்யம், பெருமையும் பூஜ்யம், அதனாலேயே யாரும் செய்வதில்லை.

பழைய பாட்டுத்தாள், பதிவேடு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றலாமா?

பாட்டுத்தாள் என்றால் முதல் தொல்லை எழுத்துரு. இருபது வருடமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பு, போனில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். ஒற்றெழுத்துகளும் 'ஸ்ரீ'யும் தப்பாகியிருக்கும்.

புதிதாகத் தட்டச்சு செய்யும் முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூல் தொகுப்பில் திருவாசகம், திவ்யப் பிரபந்தம், தேம்பாவணி, சீறாப்புராணம் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளத்தில் பன்னிரு திருமுறையை உரையோடு படிக்கலாம்.

உங்களிடம் மட்டுமே இருப்பது உங்கள் பதிவேடுதான். ஞானஸ்நானப் புத்தகம், நிக்காஹ் தப்தர், கோயில் வரவு செலவு நோட்டு. ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். ஆனால் பொதுவில் ஏற்றாதீர்கள். அதில் தத்தெடுப்பும் மறுமணமும் இருக்கும்.

வெப்சைட் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கூகுள் மேப்பில் சரியான இடம், நடை திறக்கும் நேரம், ஒரு போன் நம்பர் இருந்தால் போதும். குலதெய்வத்தைத் தேடி வருபவர்கள் முள்காட்டில் சுற்றாமல் வந்து சேர்வார்கள்.

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது?

எல்லா இடத்திலும் ஒரு பையன் இருப்பான். சேனலை அவன்தான் திறந்தான், அவன் ஜிமெயில், அவன் நம்பர். பிறகு அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைக்கும், சிம் காலாவதியாகும், அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்ச் சேரும், ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குப் போகும். எங்கள் கோயிலின் முதல் சேனல் இப்படித்தான் போயிற்று. மூன்று வருடக் கொடை அதில் கிடக்கிறது. பார்க்கலாம், தொட முடியாது.

இப்போது கோயில் பெயரிலேயே மின்னஞ்சல், கோயில் பெயரிலேயே ஒரு சிம், மாதம் தவறாமல் ரீசார்ஜ். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, சாமி நகை இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். பீரோவுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். நகையை எடுக்க வந்தாலும் கடவுச்சொல்லை எடுக்க வந்தாலும் இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும்.